தலையாட்டிப் படித்த பாடம்

மக்தபில் பிள்ளைகள் ஓதுவதைக் கண்டவர்களுக்கு ஒரு காட்சி நினைவில் நிற்கும். முன்னே ரைஹால் பலகை, அதன்மேல் விரித்து வைத்த திருமறை, அதை நோக்கிக் குனிந்த சின்னஞ்சிறு தலைகள். அத்தனை தலைகளும் ஓதலின் தாளத்திற்கேற்ப முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருக்கும். அப்படி ஆட வேண்டுமென்று எந்த உஸ்தாதும் கற்றுக் கொடுப்பதில்லை. அது தலைமுறை தலைமுறையாகத் தானே வந்து சேரும் வழக்கம். தலை ஆடும், கண் மட்டும் எழுத்தை விட்டு நகராது.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்காட்சியை நாள்தோறும் பார்த்து வந்தவன் நான். ஆயினும், தலை ஆடும்போது எழுத்து ஏன் ஆடுவதில்லை என்ற கேள்வி என் உள்ளத்தில் ஒரு நாளும் எழுந்ததில்லை. 2023ஆம் ஆண்டில் என் தலையில் ஓர் அடி விழுந்து, எழுத்துகள் ஆடத் தொடங்கிய பிறகே அதைக் கேட்டேன். விடை தெரிந்தபோது, பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு தவறும் உடன் தெரிந்தது. அவ்விரண்டையும் வாசக நேயர்களிடம் சொல்லிவிடுவது என் கடமையென்று கருதியே இதனை எழுதுகிறேன்.

அந்த ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாலை, கத்திவாக்கத்தில் ஒரு நிக்காஹ் வைபவத்தை முடித்துக்கொண்டு திருவொற்றியூருக்குத் திரும்பிக் கொண்டிருந்தேன். என்னிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர் தம் இருசக்கர வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டார். வண்டியில் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டுமென்பது சட்டம். அவர் ஒரு கவசத்தை என்னிடம் நீட்டவும் செய்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. “பக்கத்தில்தானே போகிறோம், தம்பி” என்று மறுத்துவிட்டேன்.

எண்ணூர் விரைவுச் சாலையைப் பற்றி எங்கள் பகுதியார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருபுறம் கடல், மறுபுறம் துறைமுகத்துக்குள் நுழைவதற்காக ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் கண்டெய்னர் லாரிகள். சாலையோரத்தில் படிந்திருந்த மணலில், குறுக்கே ஓடிய நாயைத் தவிர்க்க முயன்ற வண்டி சறுக்கியது. விரைவு அதிகமில்லை. மாணவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். என் பின்தலை மட்டும் ஓரக்கல்லில் மோதியது. யார் என்னைத் தூக்கி உட்கார வைத்தார்கள், யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்பதெல்லாம் இன்றுவரை எனக்கு நினைவில்லை. மாணவர் சொல்லித்தான் தெரியும்.

பெரியவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே வழங்குகிற ஸ்டான்லி மருத்துவமனைக்கு என்னைக் கொண்டு சென்றனர். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு முறிவு இல்லை, இரத்தக் கசிவும் இல்லை, மூளை குலுங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். என் துணைவியாரிடம் அவர் சொல்லியனுப்பிய எச்சரிக்கைகளை, ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக இங்கே தருகிறேன். தலைவலி நேரம் செல்லச் செல்லக் கடுமையாதல், திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத மயக்க உறக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, கண்மணிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகத் தெரிதல், காதிலோ மூக்கிலோ நீர் அல்லது இரத்தம் ஒழுகுதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் ஒரு நிமிடமும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அவற்றுள் எதுவும் எனக்கு நேரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் நோய் போகவில்லை. படுக்கையில் புரண்டால் அறை சுழன்றது. விளக்கொளி கண்ணைக் குத்தியது. லாரியின் ஒலிப்பான் பின்தலையில் ஆணி அடித்தது. உறவினரும் அண்டை வீட்டாரும் அன்பினால் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள்: இருட்டறையில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். மூன்று வாரங்கள் அப்படியே கிடந்தேன். ஓதிய தண்ணீர் வந்தது, கண்ணேறு கழித்தார்கள். ஓதிப் பார்ப்பதை மறுப்பவன் அல்லன் நான். பிறருக்கு ஓதியும் கொடுத்திருக்கிறேன். ஆயினும், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கும்படி கற்றுத் தந்த நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். கட்ட வேண்டிய கயிறு எது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

நான்காம் வாரத்தில் மதரஸாவுக்குச் சென்றேன். கிதாபை விரித்தேன். மூலத்தைச் சுற்றி நான்கு ஓரங்களிலும் பொடி எழுத்தில் ஹாஷியா என்னும் விளிம்புரை அச்சிட்ட பழைய பதிப்பு அது. வலமிருந்து இடமாக ஒரு வரியைப் படித்து முடித்து, அடுத்த வரிக்குக் கண்ணைத் திருப்பினால், வரி இருந்த இடத்தில் இல்லை. மேல்வரியும் கீழ்வரியும் ஒன்றோடொன்று கலந்தன. தமிழ் ஏட்டை எடுத்து இடமிருந்து வலமாக முயன்றேன், அதுவும் அப்படியே. தலையைச் சற்று அசைத்தால் பக்கம் முழுவதும் நீரில் மிதக்கும் ஓலைபோல் தளும்பியது. வாழ்நாளெல்லாம் எழுத்தை நம்பிப் பிழைத்தவனுக்கு அதைவிடப் பெரிய அச்சம் ஏது?

தொழுகையின் நிலை அதனினும் கொடிது. ருகூஉவுக்குக் குனிந்தால் தரை எழுந்து வந்தது. சுஜூதில் நெற்றி வைத்தால் பள்ளிவாசல் தலைகீழாகச் சுழன்றது. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும், சைகையாலும் தொழலாம் என்னும் ஃபிக்ஹுச் சட்டத்தை முப்பது ஆண்டுகளாகப் பாடம் சொன்னவன் நான். அச்சலுகை என்மீதே வந்து இறங்கியபோது, நாற்காலியில் அமர்ந்து தொழுவது எனக்கு வெட்கமாக இருந்தது. முன்னின்று தொழவைத்த இடத்தை வேறொருவருக்கு விட்டுக் கொடுத்துக் கடைசி வரிசையில் அமர்ந்தேன்.

இவற்றையெல்லாம்விட என்னைப் புண்படுத்தியது ஒரு சொல். “ஸ்கேனில் ஒன்றுமில்லையாமே!” நலம் விசாரிக்க வந்தவர்கள் மகிழ்ச்சியோடுதான் அதைச் சொன்னார்கள். நாள் செல்லச் செல்ல அச்சொல்லின் தொனி மாறிற்று. ஒன்றுமில்லை என்றால் ஹஸ்ரத் ஏன் இன்னும் பாடத்துக்கு வரவில்லை? ஒன்றுமில்லை என்றால் ஏன் நாற்காலி? யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது.

மூளைக் குலுக்கத்தை அரபியில் ‘இர்த்திஜாஜ்’ என்பர். வாக்கிஆ அத்தியாயத்தில், மறுமையின் வேளையில் பூமி உலுக்கப்படுவதைச் சொல்லும் வினையும் இதே வேரிலிருந்து பிறந்ததே. வீடு இடியவில்லை, ஆனால் உள்ளிருந்த பாத்திரமெல்லாம் இடம் பெயர்ந்துவிட்டன என்றால் எப்படியோ, அப்படிப்பட்டது இந்நோய். உடைவைக் காட்டும் படத்தில் உலுக்கல் தெரியாது. மூளையின் உயிரணுக்களில் உப்புகளின் சமநிலை குலைந்து, அதைச் சீர்செய்யவே அவை தம் ஆற்றலையெல்லாம் செலவிடும் நிலை அது என்று இன்றைய மருத்துவர் விளக்குகின்றனர். மண்டையோடு உடையாமலேயே மூளை குலுங்கிச் சில காலம் தடுமாறும் இந்நிலையைக் கடுமையான மூளைக்காயத்தினின்றும் பிரித்துக் காட்டியவர்களுள் முதல்வராக, மருத்துவ வரலாற்றாசிரியர்கள் நம் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸியைக் குறிப்பிடுகின்றனர். ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராக விளங்கி, ஏறத்தாழ 925இல் மறைந்தவர் அவர். அவருடைய குறிப்புகளை மாணவர்கள் தொகுத்த ‘அல்ஹாவீ’ என்னும் பெருநூல் 1279இல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவிற்குச் சென்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் ஒருவர் கண்டுகொண்ட நோயை, திருவொற்றியூரில் நாங்கள் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆறாம் வாரத்தில் மறுபடி மருத்துவரைப் பார்த்தேன். என் வேதனைகளைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டவர், என்னை இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார். எனக்கு வியப்பாக இருந்தது. கால் முறிந்தவர்க்கும் பக்கவாதம் வந்தவர்க்கும் உரிய வைத்தியம் அது என்றே எண்ணியிருந்தேன். தலைக்கு என்ன தேகப்பயிற்சி?

அந்த இயன்முறை மருத்துவர் காசிமேட்டு மீனவக் குடும்பத்திலிருந்து படித்து வந்த இளைஞர். என் முகத்தில் இருந்த ஐயத்தை அவர் கண்டுகொண்டார்.

“ஐயா, முதன்முதலாகப் படகில் ஏறுகிறவனுக்குத் தலைசுற்றும். தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். பத்து நாள் போய் வந்தால் அவனுக்கே பழகிவிடும். பயந்து கரையிலேயே உட்கார்ந்தவனுக்கு என்றைக்கும் பழகாது. உங்கள் தலைக்குள் இப்போது அலையடிக்கிறது. நாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் இறங்குவோம்” என்றார்.

பிறகு அவர் விளக்கியதைச் சுருக்கிச் சொல்கிறேன். மனிதன் சாயாமல் நிற்க மூன்று சாட்சிகள் வேண்டும்: கண், உட்செவி, பாதமும் கழுத்தும் தரும் தொடுவுணர்வு. மூன்றும் ஒரே செய்தியைச் சொன்னால் மூளை அமைதியாக இருக்கும். அடிபட்ட பின் சாட்சிகளின் வாக்குமூலம் முரண்படுகிறது. அந்த முரண்பாடே தலைச்சுற்றல், குமட்டல், தடுமாற்றம். ஆகவே ஒவ்வொரு சாட்சியையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். எங்கள் ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் ஒவ்வொருவரையும் தனியே ஆராயும் முறையை அது எனக்கு நினைவூட்டியது.

முதல் விசாரணை உட்செவியில். என்னைக் கட்டிலில் அமர்த்தி, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று பின்னே சாய்த்துக் கண்களையே உற்றுப் பார்த்தார். சில நொடிகளில் உலகம் சூறாவளியாய்ச் சுழன்றது. என் கண்மணிகள் தாமாகவே துடித்தனவாம். 1952இல் டிக்ஸ், ஹால்பைக் என்னும் இருவர் லண்டனில் விளக்கிய சோதனை அது. ஒவ்வொரு காதினுள்ளும் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றை அடுத்த பையில், கடற்கிளிஞ்சல் எந்தச் சுண்ணாம்புப் பொருளால் ஆனதோ அதே பொருளால் ஆன நுண்ணிய துகள்கள் ஒட்டியிருக்கின்றன. தலையில் அடிபட்டால் சில துகள்கள் பெயர்ந்து குழலுக்குள் விழுந்துவிடும். பிறகு குனியும்போதும் புரளும்போதும் அவை உருண்டு, ஆடாத தலையை ஆடுவதாக மூளைக்குப் பொய்ச்செய்தி அனுப்பும். சுஜூதில் பள்ளிவாசல் சுழன்றதன் காரணம் அந்தத் தூசுதான்!

அதற்கு மாத்திரை இல்லை. தலையை வரிசையாகச் சில நிலைகளில் திருப்பி நிறுத்தி, துகள்களைக் குழலிலிருந்து பழைய இடத்துக்கே உருட்டிவிடுகிறார்கள். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1980இல் எடுத்துரைத்த முறை இது. எனக்கு இருமுறை செய்ய வேண்டியிருந்தது. நேயர்கள் இதைத் தாமே வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. எந்தக் காது, எந்தக் குழல் என்று அறியாமலும், கழுத்தெலும்பு நலமாக இருக்கிறதா என்று பாராமலும் செய்தால் தீங்கு விளையலாம்.

சுழற்சி நின்றது. ஆனால் எழுத்தின் ஆட்டம் நிற்கவில்லை. அது வேறு சாட்சியின் பிழை என்றார் அவர். தலை வலப்பக்கம் திரும்பினால், அதே கணத்தில் கண் அதே அளவு இடப்பக்கம் திரும்புகிறது. ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு வினாடிக்குள் இது தொடங்கிவிடுகிறது. நாம் நடக்கும்போதும் ஓடும்போதும் உலகம் குலுங்காமல் தெரிவது இதனால்தான். செவியின் இந்தக் கருவியை ஆராய்ந்ததற்காக வியன்னாவின் ராபர்ட் பாரனி என்பாருக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய 1940களில் இங்கிலாந்தின் காது மருத்துவர் காதோர்னும், மருத்துவர் குக்சியும் தலைக்காயமும் செவிக்கோளாறும் உற்றவர்களுக்காகக் கண், தலை, உடல் அசைவுப் பயிற்சிகளை வகுத்தனர். அசையாமல் கிடப்பவரைவிட அசைபவரே விரைவில் தேறுகிறார் என்பதே அவர்கள் கண்ட உண்மை. இன்றைய பயிற்சிகளுக்கெல்லாம் அதுவே வித்து.

ஒரு வெள்ளை அட்டையை என்னிடம் தந்து, “உங்களுக்குப் பிடித்த எழுத்து ஒன்றை எழுதுங்கள்” என்றார். அலிஃபை எழுதினேன். அதைக் கை நீட்டும் தூரத்தில் சுவரில் ஒட்டினார். கண்ணை அலிஃபின் மீதே நிறுத்தித் தலையை மட்டும் இடமும் வலமும், பிறகு மேலும் கீழும் அசைக்க வேண்டும். எழுத்து மங்காத அளவுக்கே விரைவு. முதல்நாள் பத்து வினாடி தாங்கவில்லை, குமட்டிற்று. நாளுக்கு நாள் வினாடிகளைக் கூட்டினோம். எழுத்தை நோக்கித் தலையாட்டுவதே மருந்து என்றபோதுதான், என் மக்தபின் பிள்ளைகள் என் கண்முன் வந்து நின்றார்கள்.

இன்னும் சில பயிற்சிகள் இருந்தன. பேனா முனையை மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவந்து, அது இரண்டாகத் தெரியும் இடத்தில் நிறுத்திக் கண்களைப் பழக்குதல். மோவாயைப் பின்னிழுத்துக் கழுத்துத் தசைகளை வலுப்படுத்துதல். ஏனெனில் தலையை உலுக்கிய அதே விசை கழுத்தையும் சுளுக்கியிருக்கும், பின்தலை வலியின் ஒரு பங்கு அங்கிருந்தே ஏறும். நெற்றியில் சிறு ஒளிவிளக்கைக் கட்டி, சுவரில் ஒரு புள்ளியில் ஒளியை நிறுத்தி, கண்ணை மூடித் தலையைத் திருப்பி மீண்டும் அதே புள்ளிக்குக் கொண்டுவருதல். முதல்நாள் என் ஒளி ஒரு சாண் தள்ளி நின்றது. என் தலை எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை!

அனைத்தினும் முக்கியமானதென்று அவர் வற்புறுத்தியது நடை. இருட்டறையில் மூன்று வாரம் கிடந்ததைக் கேட்டுத் தலையசைத்தார். முதல் ஓரிரு நாள் ஓய்வு போதும். அதற்குமேல் முழு ஓய்வு நன்மை செய்வதில்லை என்பது இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட முடிவு. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய பன்னாட்டு மாநாட்டின் அறிக்கையும் அதையே சொல்கிறது. அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜான் லெடியும் அவருடைய குழுவினரும், தொல்லை மிகாத அளவுக்கு நடையும் பயிற்சியும் செய்த இளைஞர் விரைவில் தேறினர் என்பதைச் சோதித்துக் காட்டி 2019இல் வெளியிட்டனர். எனக்கு அவர் தந்த அளவுகோல் எளியது. தொல்லைக்குப் பத்தில் ஒரு மதிப்பெண் கொடுத்துக்கொள்ள வேண்டும். நடக்கும்போது அது இரண்டுக்கு மேல் கூடக் கூடாது. கூடினாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிட வேண்டும். கூடினால் நிறுத்தி, மறுநாள் குறைத்துத் தொடங்க வேண்டும். முழுவதும் விட்டுவிடவும் கூடாது. வீம்புக்கு ஓடவும் கூடாது. எக்காரியத்திலும் நடுநிலையே சிறந்தது என்று மிம்பரில் நின்று சொல்வது எளிது. நடையில் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினமென்று அப்போது அறிந்தேன்.

சுபுஹு தொழுதுவிட்டு இராயபுரம் கடற்கரைச் சாலையில் நடப்பேன். காசிமேட்டிலிருந்து மீன் கூடைகள் வந்துகொண்டிருக்கும் நேரம். முதலில் பத்து நிமிடம், பிறகு இருபது, பிறகு முப்பது. நான்கு மாதங்கள் சென்றன. ஒரு வெள்ளிக்கிழமை நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில் சுஜூது செய்தேன். பள்ளிவாசல் அசையாமல் நின்றது. நெற்றியை எடுக்க மனம் வரவில்லை. பக்கத்திலிருந்தவர் எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்துவிட்டார்.

இத்துடன் முடிந்திருந்தால் இது ஒரு நோயாளியின் கதையாக நின்றிருக்கும். சொல்ல வந்தது இனிமேல்தான்.

2009ஆம் ஆண்டில் என்னிடம் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் ஓதிக்கொண்டிருந்தான். வடசென்னை குத்துச்சண்டைக்குப் பேர்போன மண். பரம்பரை பரம்பரையாகக் கையுறை கட்டிய தெருக்கள் இங்குண்டு. அவனும் மாலை நேரங்களில் வீட்டுக்குத் தெரியாமல் அப்பயிற்சிக்குச் சென்று வந்தான். தெரிந்ததும் கண்டித்தேன். முகத்தில் அடிப்பதை மார்க்கம் விலக்கியிருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். அது சரியான உபதேசம்தான். சில நாட்கள் சென்று, ஒரு காலையில் அவன் ஓத மறுத்தான். தலை வலிக்கிறது என்றான். மற்றப் பிள்ளைகளெல்லாம் ஆடி ஓத, அவன் மட்டும் கழுத்தை மரம்போல் நிறுத்திக்கொண்டு, வரியின் மேல் விரலை ஊன்றி, ஒரு கண்ணைச் சுருக்கிப் படித்தான்.

“எழுத்து ஆடுது, ஹஸ்ரத்” என்றான்.

“எழுத்து ஆடவில்லை, உன் மனந்தான் ஆடுகிறது” என்றேன் நான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நல்ல மறுமொழி சொல்லிவிட்டோம் என்ற பெருமிதம் எனக்கும் இருந்தது. அடுத்த நாளும் அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். தலையைக் குனியச் சொல்லி அவன் பிடரியில் ஓர் அடி போட்டேன். பலமான அடியன்று. ஆனால், முகத்தில் அடிப்பது தகாதென்று அவனுக்கு ஓதிய நான், குலுங்கிப்போயிருந்த ஒரு தலையின்மேல் கை வைத்தேன். அந்த நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அவன் மதரஸாவுக்கு வரவில்லை. படிப்பில் நாட்டமில்லாத பையன் என்று பதிவேட்டிலும் மனத்திலும் அடித்துவிட்டேன்.

அலிஃபை நோக்கித் தலையாட்டிக் குமட்டிய முதல்நாளே அவன் முகம் எனக்குத் தோன்றிற்று. விறைத்த கழுத்து, ஊன்றிய விரல், சுருங்கிய கண். ஒவ்வொன்றும் இப்போது என்னிடமே இருந்தது. அன்று அவன் எனக்கு நோயின் அடையாளங்களை ஒன்றுவிடாமல் காட்டியிருக்கிறான். அதைப் படிக்கத் தெரியாதவனாக நான் இருந்தேன்.

இறைவனுக்குரிய கடமையில் குறை வைத்தால் அவனிடம் தவ்பா செய்யலாம். அடியானுக்குரிய ஹக்கில் குறை வைத்தால், அந்த அடியானிடமே போய்ப் பொருத்தம் வாங்க வேண்டும். இதுவும் நான் பாடம் சொன்னதே. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவனைத் தேடிச் சென்றேன். இல்லை, அவரை என்று எழுத வேண்டும். இருபத்தெட்டு வயது இளைஞர். மணமாகிக் குழந்தை உண்டு. திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்தில் இருசக்கர வண்டிகள் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறார். ஸலாம் சொல்லி எழுந்து, கையெல்லாம் எண்ணெய் என்பதால் மணிக்கட்டை நீட்டினார். என் விபத்தையும், எழுத்து ஆடியதையும், அன்று நான் சொன்ன சொல்லையும், போட்ட அடியையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பொருத்தம் கேட்டேன்.

அவர் நெடுநேரம் கையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: “அப்போ நான் பொய் சொல்லலேன்னு இப்பத் தெரியுதா, ஹஸ்ரத்?”

“தெரிகிறது, தம்பி. அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்” என்றேன்.

“பொருத்தந்தான் ஹஸ்ரத்” என்றார். அவர் கண் என்னைப் பார்க்கவில்லை. கழற்றி வைத்திருந்த சக்கரத்தைப் பார்த்தது. அந்தப் பொருத்தம் முழுமனத்தோடு வந்ததா, பழைய உஸ்தாதின் முகத்துக்காக வந்ததா என்பதை உள்ளங்களை அறிந்தவனே அறிவான். நான் எழுந்தபோது அவரே மீண்டும் பேசினார். அடிக்கடி பின்தலை வலிக்கிறது என்றும், நெடுநேரம் குனிந்து வேலை செய்தால் கண் மங்குகிறது என்றும், அந்தப் பயிற்சி தமக்கும் ஆகுமா என்றும் கேட்டார்.

அடுத்த வாரம் அவரை உடன் அழைத்துச் சென்றேன். பதினைந்து ஆண்டுக்கால வலிக்குப் பல காரணங்கள் இருக்கலாம், அனைத்தையும் பழைய அடியின் தலையில் கட்டிவிடக் கூடாது என்று இயன்முறை மருத்துவர் எச்சரித்தார். முதலில் மருத்துவர் பார்க்கட்டும் என்றார். மருத்துவர் பார்த்தார். கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். கழுத்துக்குப் பயிற்சி தந்தார்கள். வலி குறைந்திருக்கிறது என்கிறார். முற்றிலும் போய்விட்டது என்று சொல்லவில்லை. அவர் இழந்த படிப்பை எந்தப் பயிற்சியும் திருப்பித் தராது. அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

நம் மாநிலத்தில் இத்தகைய வைத்தியம் புதியதன்று. 1954இல் சாலை விபத்தில் முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, நடக்கும் ஆற்றலை இழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை மருத்துவம் செய்து, பிறகு மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் 1966இல் அதற்கென ஒரு நிலையம் தொடங்கக் காரணமாக இருந்தார். சென்னை அரசுப் பொதுமருத்துவமனையில் டாக்டர் பி.ராமமூர்த்தி 1950இல் நரம்பியல் அறுவை மருத்துவத்தைத் தொடங்கி வைத்தார். வழி இருக்கிறது; வழி இருப்பதை அறியாமல் இருட்டறையில் கிடப்பவர்களே அதிகம்.

ஆகவே தாய்மார்களே, தந்தைமார்களே, என்னைப் போன்ற உஸ்தாதுமார்களே! பிள்ளை விளையாட்டிலோ சாலையிலோ மாடிப்படியிலோ தலையை மோதிக்கொண்டான் என்றால், அபாயக் குறிகளைக் கவனியுங்கள். அவை இல்லாவிட்டாலும், அன்றே அவனை மீண்டும் விளையாட விடாதீர்கள். ஓரிரு நாள் ஓய்வு கொடுங்கள். பிறகு சிறுகச் சிறுக நடமாட விடுங்கள். சில வாரங்களுக்குப் பின்னும் தலைவலிக்கிறது, ஒளி கூசுகிறது, வரி ஆடுகிறது என்றால், மருத்துவரிடமும் அவர் சொன்னால் இயன்முறை மருத்துவரிடமும் கொண்டு செல்லுங்கள். வண்டியில் ஏறும்போது தொப்பியைப் பைக்குள் வைத்துக் கவசத்தை மாட்டுங்கள். குலுக்கம் முழுவதையும் அது தடுக்காதுதான்; மண்டை உடைவதினின்றும் பெரும்பாலும் காக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத்து ஆடுகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், அருள்கூர்ந்து அவனை நம்புங்கள்.

என் வகுப்பறைச் சுவரில் அந்த வெள்ளை அட்டையை ஒட்டி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அது தங்களுக்கான பாடமென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு காலையும் பாடம் தொடங்குமுன் அந்த அலிஃபை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். பிறகு வரிசையில் அமர்ந்திருக்கும் தலைகளைப் பார்க்கிறேன். ஆடாத தலை ஏதேனும் இருக்கிறதா என்று.